கால் நொடி பின்னால்

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் தட்டுகளை எடுத்துப் போன பிறகு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆக்லாந்தில் இருக்கும் எங்கள் பங்காளிகளுக்கு முறைப்படி மரியாதை சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது சொல்லில் என் நாக்கு இடறியது.

முதலில் எச்சில் என்று நினைத்தேன். விழுங்கிவிட்டு மறுபடி தொடங்கினேன். சொன்ன சொல் என் காதுக்குள்ளேயே திரும்ப வந்தது. என் குரல்தான், கொஞ்சம் தாமதமாக. அடுத்த சொல்லுக்கு வாய் திறக்கும் நேரத்தில் முந்தைய சொல் வந்து அதன்மேல் உட்கார்ந்தது. வேகத்தைக் குறைத்தேன், அதுவும் குறைத்தது. சத்தத்தைக் கூட்டினேன், அதுவும் கூட்டியது. நாலாவது வரியில் குடித்தவனைப்போல எழுத்துகளை இழுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வருடமாகத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடிய வரிகள் அவை. "தொண்டை சரியில்லை, அடுத்த வாரம் பேசுவோம்" என்று முடித்துக்கொண்டேன்.

என் மகள் திரேசா லேப்டாப்பிலிருந்து ஹெட்போனின் வயரைப் பிடுங்கினாள். அப்போதுதான் ஆக்லாந்து பேசுவது அறைக்கே கேட்கும். பேசுகிறவர் ஹெட்போன் மாட்டிக்கொள்வது, கேட்கும்போது வயரைப் பிடுங்கிவிடுவது என்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். ஹெட்போன் இல்லாமல் நீளமாகப் பேசினால் லேப்டாப் ஊளையிடும்.

"லெவாசா, பேசுனீங்களா இருமுனீங்களா?" என்றது பங்காளி மாசோவேயின் குரல். அவனுக்குப் பின்னால் சிலர் சிரித்தார்கள்.

லெவாசா என்பது என் பட்டம். இயற்பெயர் பெனியாமினா. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இன்று என் மனைவியைத் தவிர யாரும் மிச்சமில்லை. எங்கள் சமோவாக் குடும்பங்களில் சில பட்டங்கள் உட்கார்ந்திருப்பதற்கு, சில பட்டங்கள் எழுந்து நின்று பேசுவதற்கு. லெவாசா பேசுகிற பட்டம். கல்யாணம், சாவு, மன்னிப்பு, தேவாலயத் திறப்பு எதுவானாலும் கோலை ஊன்றி, தென்னை நார்ச் சாமரத்தைத் தோளில் போட்டு, குடும்பத்துக்காக வாய் திறக்கிறவர் லெவாசா. நல்ல இடத்தில் நிறுத்தினால் கேட்பவர்கள் "மாலியே" என்பார்கள். இனித்தது என்று அர்த்தம். அந்தச் சொல்லை வாங்குவதற்காகவே மூச்சு விடும் இடங்களை அமைத்துக்கொள்வோம். சவாயித் தீவில் என் தாத்தா இதைச் செய்தார், பிறகு என் அப்பா. பிரிஸ்பேனுக்குத் தெற்கே இந்த லோகன் ஊருக்கு நாங்கள் குடிவந்து, இறைச்சி ஆலையில் இருபத்தாறு வருடம் நான் கத்தி பிடித்தபோதும், சனிக்கிழமைகளில் நான் லெவாசாவாகத்தான் இருந்தேன். எங்கள் வீட்டின் வார்த்தை ஒருமுறைகூடச் சபையில் தடுக்கி விழுந்ததில்லை. அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் அது உண்மை.

அன்று மாலை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் வம்சாவளி முழுவதையும் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெயர்கூடப் பிசகவில்லை. நல்லது என்று வெளியே வந்தேன். அடுத்த ஞாயிறு ஹெட்போனை மாட்டியதும் அவன் மறுபடி வந்துவிட்டான்.

அவன் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முப்பத்தெட்டு வருடம் முன்பு என் அப்பா பாயில் படுத்துக்கொண்டு சொன்னார்: "பின்னால ஒருத்தன் நிக்கிறான்டா. நான் சொல்றதெல்லாம் திருப்பிச் சொல்றான்." மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. அதன்பிறகு நாலு மாதம் இருந்தார், கடைசி இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்கு நடுவில்தான் பட்டம் எனக்கு வந்தது.

இரண்டாவது ஞாயிறும் தொண்டையைச் சாக்குச் சொல்லிச் சீக்கிரம் முடித்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி ஃபேத்துவிடம், போகிற போக்கில் கேட்பதுபோல, "ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" என்றேன். "கேக்கலையே, ஏன்?" என்றாள். காதில் மாட்டியிருந்தது நான், அவளுக்கு எப்படிக் கேட்கும். அந்த எளிய விஷயம் எனக்குத் தோன்றவில்லை. "நீ ஒரு தடவை மாட்டிப் பார்" என்று யாரிடமாவது சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். லெவாசாவுக்கு நாக்கு போய்விட்டது என்ற செய்தி அன்றைக்கே மூன்று நாடுகளுக்குப் போய்ச் சேரும். எங்கள் ஆட்களுக்குத் தொலைபேசி இலவசமானதிலிருந்து எந்த ரகசியமும் பத்து நிமிடத்துக்குமேல் நிற்பதில்லை.

மாலை ஜெபத்தைச் சுருக்கினேன். தேவாலயத்தில் வாசிப்பு என் முறை வந்தபோது கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி வேறொருவருக்குக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை, யாருக்கும் சொல்லாமல் இரண்டு பஸ் மாறி, எங்கள் ஆட்கள் போகாத ஒரு கிளினிக்குக்குப் போனேன். இளம் டாக்டர் பெண் என்னைச் சிரிக்கச் சொன்னாள். சிரித்தேன். இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னாள். பன்னிரண்டு மாதங்களையும் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். டிசம்பரிலிருந்து ஜனவரிவரை தடையில்லாமல் சொன்னேன். "உங்க பேச்சு ரொம்பத் தெளிவா இருக்கு. இருந்தாலும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாம்" என்று அடுத்த மாதத்துக்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு வந்தேன். அடுத்த மாதம்வரை காத்திருக்க நேரமில்லை. மூன்றாவது ஞாயிறு வந்துகொண்டிருந்தது.

அந்த ஞாயிறு எதற்காக என்பதைச் சொல்லவேண்டும். என் தங்கை அகெனேசே ஆக்லாந்தில் இருக்கிறாள். அவள் மகள் சினாலேயிக்கு அங்கே கல்யாணம். எங்கள் வழக்கத்தில் அண்ணன் தம்பிகளுக்குத் தங்கையைவிட உயர்ந்த மனுஷி கிடையாது. அவள் வீட்டுக் காரியத்தில் அவளுக்காகப் பேசுவது உடன்பிறந்தவர்கள் வேலை. ஆனால் ஒரு பக்கத்தில் பேசுகிற பட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால், யார் எழுவது என்று முதலில் அவர்களுக்குள்ளேயே ஒரு வழக்காடல் நடக்கும். ஒருவரை ஒருவர் புகழ்ந்து, வாரிவிட்டு, உரிமை சொல்லி, கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். நடுவில் வார்த்தை அறுந்து போனவர் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குமேல் கேள்வி கிடையாது. மண்டபத்தில் நேரம் இருக்காது என்பதால் இதைத் தொலைபேசியிலேயே முடித்துக்கொள்வது என்று இரு கிளைகளும் ஒத்துக்கொண்டிருந்தோம்.

ஆக்லாந்துக் கிளைக்கு மாசோவே. என் பெரியப்பா மகன், எழுபது வயது, துறைமுகத்தில் சுமை இறக்கிய தோள் இன்னும் அப்படியே இருக்கிறது. நல்ல பேச்சாளன் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேலிக்காரன். அவர்கள் தேவாலயத்தில் ஒலிபெருக்கி, மைக் எல்லாம் அவன் பொறுப்பு. பாடகர் குழு பயிற்சிக்கு வந்தால் யாருடைய மைக்கையாவது தவளைக் குரலாக்கி விடுவான் என்று சொல்வார்கள். சமீபத்தில் எங்கள் சமையலறையில்கூட ஃபேத்துவும் திரேசாவும் ஒரு போனைக் காதில் வைத்துக் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாசோவேயின் பெயர் அடிபட்டது. நான் உள்ளே நுழைந்ததும் போனை அணைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினார்கள். நானும் கேட்கவில்லை. வேடிக்கைகளை என்னிடம் கொண்டுவருகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்படித்தான் நான் வீட்டை நடத்தியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பட்டம் உள்ள இன்னொருவன் என் தம்பி ஃபிலிமோனி. அவனைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அறுபத்தாறு வயது, பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறான், மனைவி போனபிறகு எங்கள் கார் ஷெட்டை அறையாக்கி அதில் இருக்கிறான். சிறு வயதிலிருந்தே திக்குவாய். முப்பது வருடம் முன்பு ஊரில் ஒரு சிறிய பட்டத்தை அவனுக்குக் கொடுத்தார்கள். ஏற்புரையில் பட்டத்தின் பெயரையே அவனால் தாண்ட முடியவில்லை. முதல் எழுத்து, மறுபடி முதல் எழுத்து, மறுபடி. ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. நான் எழுந்து அவன் தோளில் கைவைத்து உட்காரவைத்து மிச்சத்தை நானே பேசி முடித்தேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அன்றிலிருந்து அவன் தொடங்குகிற எந்த வாக்கியத்தையும் முடித்துவைப்பது என் வேலையாகிவிட்டது. கடையில், வங்கியில், வீட்டில் உப்பு கேட்கும்போதுகூட. அவன் தேவாலயத்தில் எல்லோருடனும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது மட்டும் திக்குவதில்லை. அதை நான் கவனித்திருக்கிறேன். அதற்குமேல் யோசித்ததில்லை.

மூன்றாவது ஞாயிறு வீட்டில் பதினோரு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆக்லாந்தில் தேவாலய மண்டபத்தில் அதைவிட அதிகம். அகெனேசேயும் அங்கே இருந்தாள். நான் கோலையும் சாமரத்தையும் பக்கத்தில் வைத்திருந்தேன். தொலைபேசிக்கு அவை எதற்கு என்று திரேசா கேட்கவில்லை.

மாசோவே தொடங்கினான். அறைக்கே கேட்டது.

"லெவாசா, நீங்க பெரியவங்க. கடல் தாண்டி வரணும். வயசு எழுபத்துநாலு, முட்டி சொன்ன பேச்சு கேக்காது. நாக்கும் ரெண்டு வாரமா லீவுல இருக்குன்னு கேள்வி. இங்க மண்டபம் எங்களுது, மைக் எங்களுது. நீங்க வாங்க, பாயில சாஞ்சு உக்காந்து நல்லா சாப்பிடுங்க. பேச்சுச் சுமைய எங்க தோள்ல இறக்கி வையுங்க."

"மாலியே" என்று அங்கே பலர் சொன்னார்கள். இங்கேயும் யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

நான் ஹெட்போனை மாட்டினேன். முதல் மூன்று சொற்கள் நன்றாகப் போயின. அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். நாலாவது சொல்லில் வந்தான். நான் பிடிவாதமாகப் பேசினேன். காதைச் செவிடாக்கிக்கொண்டு, பற்களைக் கடித்துக்கொண்டு, ஆலையில் ஈரத் தரையில் நடப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகக் காலை வைத்தேன். என் தங்கையின் பெயர் வந்தது. அகெ என்றேன், அகெ என்றான். அகெனே என்றேன், அகெ என்றான். அகெனேனேனே என்று என் வாய் ஆடு போலக் கத்தியது. எதிரில் உட்கார்ந்திருந்த என் அக்கா மகன் தரையைப் பார்த்தான். ஃபேத்து தன் கைகளைப் பார்த்தாள். என் தங்கையின் பெயரில், இந்த உலகத்தில் நான் தடுக்கி விழக்கூடாத ஒரே பெயரில்.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். வார்த்தை அறுந்துவிட்டது. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது. இனி மாசோவே பேசுவான், அவனுக்குப் பிறகு அவன் மகன் பேசுவான், லெவாசா என்ற பட்டம் சாப்பிட்டுவிட்டு வருகிற பட்டமாகிவிடும். இதெல்லாம் ஒரே மூச்சில் மனதில் ஓடியது. கூடவே, அந்த டாக்டர் பெண் சொன்ன தேதியும்.

கதவோரம் பாய் நுனியில், எப்போதும் உட்காரும் இடத்தில் இருந்து, ஃபிலிமோனி எழுந்தான். அவன் முட்டிகள் சொடுக்கிய சத்தம்கூடக் கேட்டது. மேசையை நோக்கி வந்தான்.

"உக்காரு" என்றேன். ஒரு வீட்டுக்கு ஒரு மதியத்தில் ஒரு அவமானம் போதும்.

"இ... இ... இல்லண்ணே" என்றான். பட்டம் உள்ளவன் எழுந்தால் அண்ணனே ஆனாலும் சபையில் தடுக்க முடியாது. ஹெட்போனை எடுத்து நரைத்த தலையில் மாட்டிக்கொண்டான்.

"ம... ம... ம..." என்று தொடங்கினான். மாசோவே என்ற பெயர். நான் பழக்கத்தில் வாயைத் திறந்தேன், முடித்துவைக்க. அதற்குள் அவன் முகத்தில் ஏதோ நடந்தது. புருவம் உயர்ந்தது. தோளுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பதுபோலத் தலையைச் சற்றுத் திருப்பினான். பிறகு பேசினான்.

மெதுவாகப் பேசினான். சொற்களைக் கொஞ்சம் பாட்டுப்போல நீட்டினான். ஆனால் ஒன்றுகூட உடையவில்லை.

"மாசோவே, உங்க புகழ்ச்சிக்கு நன்றி. எங்க அண்ணன் நாக்கு இளைப்பாறுது. நாப்பது வருஷமா எங்க எல்லாருக்கும் சேத்து உழைச்ச நாக்கு. அதுக்கு இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அதனால நான் நிக்கிறேன்." நிறுத்தினான். சரியான இடத்தில் நிறுத்தினான். ஹெட்போனில் அவனுக்கு "மாலியே" கேட்டிருக்க வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டான்.

"எங்க அப்பா கடைசி ரெண்டு மாசம் பேசல. எல்லாருக்கும் தெரியும். அந்த ரெண்டு மாசம் அவருக்கு வாயா இருந்தது யாருன்னு எனக்குத் தெரியும், ஏன்னா நானும் பேசாம அதே மூலைல உக்காந்திருந்தேன். அகெனேசேதான். அவருக்குத் தண்ணி வேணுமா, ஜன்னலத் திறக்கணுமா, கோவமா, குளிரா, அவர் கண்ணப் பாத்து அவ சொல்லுவா. ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்ல. எங்க வீட்டுப் பேச்சுக்கே பேச்சுப் போனப்ப அவதான் பேசினா. அவ மக கல்யாணத்துல எங்களத் தவிர வேற யாரு பேசுறது?"

அப்பாவின் அந்தக் கடைசி மாதங்களில் நான் அந்த அறையில் அதிகம் இருக்கவில்லை. பட்டம் ஏற்கும் காரியத்துக்குப் பாய்களும் பன்றிகளும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். இது எதுவும் எனக்குத் தெரியாது. அவனும் சொன்னதில்லை. எங்கே சொல்லியிருப்பான். இரண்டாவது எழுத்தில் நான் முடித்துவைத்திருப்பேன்.

"மண்டபம் உங்களுது, மாசோவே. மைக்கும் உங்களுது" என்றான் ஃபிலிமோனி. "வாய் எங்களுது."

ஹெட்போனைக் கழற்றினான். அவன் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. திரேசா வயரைப் பிடுங்கினாள். ஆக்லாந்தின் ஆரவாரம் அறைக்குள் கொட்டியது. அதற்கு நடுவே, மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், மாசோவேயின் குரல், வேறு யாரிடமோ:

"பெட்டி அணைஞ்சிருச்சா பாருடா. பச்ச வெளக்கு எரியுதே. லெவாசாவே குப்புற விழுந்துட்டாரு, இந்தத் திக்குவாயன் எப்படிடா தண்ணி மாதிரி..."

ஆரவாரம் அடங்கியது. அங்கேயும் அது எல்லோருக்கும் கேட்டிருக்கிறது.

"மாசோவே" என்றது என் தங்கையின் குரல். உரக்கப் பேசுகிறவள் அல்ல அவள். "எந்தப் பெட்டி?"

மைக்கை யாரோ கையால் மூடும் சத்தம் வந்தது.

"எந்தப் பெட்டின்னு கேட்டேன்."

"கிட்டாருக்குப் போடுற எக்கோ பெட்டிதான், தங்கச்சி" என்றான் மாசோவே. துறைமுகத்துத் தோள் முழுவதும் அந்தக் குரலிலிருந்து போயிருந்தது. "சும்மா விளையாட்டுக்கு. பேசுறவங்க குரல் கால் நொடி கழிச்சு அவங்க காதுக்கே போகும். அவ்வளவுதான். யாரா இருந்தாலும் நாக்கு பின்னிக்கும்."

"அப்பா" என்று திரேசா வாயைப் பொத்திக்கொண்டாள். "பாஸ்டருக்குப் பண்ணாரே, அதே. பாஸ்டர் 'ஆசீர்வாதம்'னு சொல்ல முடியாம அஞ்சு நிமிஷம்... அன்னைக்குச் சமையல்கட்டுல நாங்க கேட்டுச் சிரிச்சமே. உங்களுக்குப் பண்ணுவாருன்னு நாங்க நினைக்கவே இல்லப்பா. உங்களுக்கு யாரு பண்ணுவா?"

நான் எழுந்தேன். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கோபத்தில் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பின்கட்டுக்குப் போய், துணி காயும் கம்பிக்குக் கீழே, என் பேரனின் ரக்பி சட்டைகளுக்கு நடுவே நின்றேன். டிசம்பர் என்றேன். நவம்பர் என்றேன். ஜனவரிவரை போய், பிறகு முன்னாலிருந்து ஒருமுறை வந்தேன். பின்னால் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு நாய் மட்டும் வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது இரண்டு கன்னமும் சமமாக உயர்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். உயர்ந்தது.

"பன்னெண்டு மாசமும் இருக்கா?" என்றாள் ஃபேத்து. கதவருகே நின்றிருந்தாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"சட்டைய யாரு துவைக்கிறாங்கன்னு நினைச்சீங்க?" என்று சொல்லி, ஈரத்தில் நைந்து காய்ந்துபோன அந்தக் கிளினிக் சீட்டை என் கையில் வைத்தாள். "அஞ்சு நாளா நானும் தூங்கல, பெனியாமினா."

உள்ளே திரும்பினேன். ஆக்லாந்து காத்திருந்தது. மாசோவே முறைப்படி தலைதாழ்த்தும் சொற்களைச் சொன்னான். பேச்சு உரிமை லோகனுக்கே என்றான். என் தடுமாற்றத்தை மட்டும் தான் பதிவு செய்யவில்லை என்றும், அந்த அளவுக்கு மரியாதை மிச்சம் வைத்திருந்ததாகவும் சொன்னான். இதைவிடச் சின்னக் காரியத்துக்கு ஒருவருடன் நான் ஒன்பது வருடம் பேசாமல் இருந்திருக்கிறேன். எல்லோருக்கும் அது நினைவிருந்தது என்பது அந்த அமைதியில் தெரிந்தது. எனக்கோ, கோபத்தைத் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. இரண்டு வாரம் பாறையைச் சுமந்தவனிடமிருந்து பாறையை வாங்கிக்கொண்டால், வைத்தவனை அடிக்கக் கை எழுவதில்லை.

நான் ஃபிலிமோனியைப் பார்த்தேன். அவன் மறுபடி கதவோரத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கும் கேட்டுச்சா?" என்றேன்.

"கே... கே..." என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் எப்போது முடித்துவைப்பேன் என்று. ரொம்ப நேரம் ஆனது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவன் ஒரு வாக்கியம் எவ்வளவு நீளம் என்று பார்த்தேன்.

"கே... கேட்டுச்சுண்ணே. பி... பின்னால ஒ... ஒருத்தன் கூ... கூடவே வந்தான். ஜெ... ஜெபத்துல எ... எல்லாரும் சே... சேந்து சொல்ற மாதிரி. த... தனியா இல்ல."

நான் லேப்டாப் பக்கம் குனிந்தேன். "மாசோவே, அந்தப் பெட்டியை அனுப்பு."

"நானே ஒடச்சிடுறேன், லெவாசா."

"அனுப்புன்னு சொன்னேன்."

வியாழக்கிழமை ஆக்லாந்திலிருந்து வந்த ஒரு உறவுப் பெண் அதைக் கொண்டுவந்தாள். மன்னிப்புக்குக் கொடுக்கிற மெல்லிய பாய் ஒன்றில் சுற்றி, மேலே செங்கயிறு கட்டி, கூடவே ஒரு பெட்டி மாட்டிறைச்சி டின். பாயைப் பிரித்தால் சோப்பு டப்பா அளவில், நாலு திருகுகளும் ஒரு பச்சை விளக்கும் உள்ள ஒரு பொருள். இதற்கா இத்தனை நெய்த பாய் என்று ஃபேத்து சிரித்தாள். திரேசா அதற்கு ஒரு மைக்கும் வயரும் வாங்கிப் பொருத்திக் கொடுத்தாள். ஃபிலிமோனி அதை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனான்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். ஃபேத்து சாமான்களை எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டாள். நேற்று சாமரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இத எந்தப் பெட்டில வைக்க? உங்களதுலயா, தம்பியோடதுலயா?" என்று கேட்டாள். கேள்வியைச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இப்போதைக்கு வெளிய வை" என்றேன்.

இன்று காலை கோகோ போட்டுக்கொண்டு சமையலறை ஜன்னலுக்கு வந்தபோது, முற்றத்தில் நின்ற அவனுடைய பழைய வேனுக்குள் அவன் உட்கார்ந்திருந்தான். பஸ் எடுக்கப் போக இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கண்ணாடிகளை ஏற்றியிருந்தான். காதில் ஹெட்போன். வாய் அசைந்தது, எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. ஆனால் வலது கை ஸ்டீயரிங்கை விட்டு எழுந்து இடது தோளுக்குப் போனது, பிறகு வலது தோளுக்கு வந்தது, இல்லாத சாமரத்தை வீசிக்கொண்டு. அந்த வீச்சை வைத்தே வம்சாவளியில் அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. தாத்தாவைக் கடந்துவிட்டான். அப்பாவிடம் வந்துகொண்டிருந்தான். என் கையில் கோகோ ஆடை கட்டியது. அப்பாவின் பெயர் வரும் இடத்தில் அவன் உதடுகள் மூடின, கை தோளில் நின்றது. கேட்பவர்களுக்காக விடும் இடம் அது. அவன் கண்ணாடிக்கு வெளியே எதையும் பார்க்காமல் காத்திருந்தான்.

"மாலியே" என்றேன், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று.

கொஞ்சம் பொறுத்து, அவன் கை மறுபடி அசைந்தது.